சேவ் இருந்த இடம்

ஜூன் 3, திங்கள்

இன்றும் டூல்பாரை மாற்றி வைத்திருக்கிறாள். எங்கள் டைப்பிங் கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். மத்தியானம் வரை நான், அதற்குப் பிறகு என் ஓரகத்தி. நான் பட்டன்களை என் வசதிப்படி வரிசையாக வைத்துவிட்டுப் போகிறேன். அவள் வந்து தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறாள். மறுபடி ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். அவளும் வந்து இதே பாடுதான் படுவாள். படட்டும்.

ஜூன் 4, செவ்வாய்

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஒரு ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து தன் ஆய்வேட்டில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் சேவ் இருந்த இடத்தில் பிரிண்ட்டை வைத்திருக்கிறாள், இன்று நானும் கவனிக்கவில்லை. பார்த்தா அமுக்குகிறேன்? கை தானாகப் போகிறது. அரைகுறை ஆய்வேடு பிரிண்டரிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்தாள்.

"டிகிரி வாங்கி என்ன பிரயோஜனம்? ஒரு பட்டனை எங்க வெக்கணும்னு தெரியல!"

ஆசிரியை எதிரிலேயே கத்திவிட்டேன். அவள் தரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

ஜூன் 7, வெள்ளி

பேச்சுவார்த்தை இல்லை. டூல்பார் நான் வைத்தபடியே இருக்கிறது, அவள் தொடுவதே இல்லை. ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் இப்படி இருக்கிறது?

ஜூன் 12, புதன்

கொழுந்தனார் வந்தார். "அண்ணி, அவளுக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர் வாங்கறேன். அடுத்த தெருவுல ரூம் பார்த்திருக்கு. இனிமே உங்களுக்குள்ள தகராறே வராது."

நல்லதுதானே என்றேன். என் வாய் இருக்கிறதே!

அவள் போனால் வேலை கெடும், கூட்டம் குறையும் — இதெல்லாம் சாக்கு. எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம் ஆள் மாறும் நேரத்தில் நின்றபடியே ஒரு டீயை இரண்டு கப்பில் ஊற்றிக்கொண்டு, மாமியாரில் ஆரம்பித்து ஊர்வம்பு முழுக்கப் பேசுவோம். இனி அதற்கு யாரிடம் போவேன்?

ஜூன் 13, வியாழன்

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கிளம்புமுன் டூல்பாரை அவள் வரிசைப்படி வைத்தேன். பிரிண்ட்டை முதலில் வைக்கும்போதுதான் உறைத்தது. மத்தியானம் வருகிறவர்கள் பாதிப் பேர் ஃபோனில் இருப்பதை அப்படியே பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள். எனக்கு டைப் அடிப்பது வேலை, அவளுக்கு பிரிண்ட் எடுப்பது வேலை. அவள் வேறெங்கே வைப்பாள்?

ஜூன் 14, வெள்ளி

காலையில் பார்த்தால் மறுபடி என் வரிசை! வேண்டாம் என்கிறாளா? நான் வைத்ததைக்கூட ஏற்கமாட்டாளா? அழுகையே வந்துவிட்டது. மத்தியானம் அவள் வந்ததும் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, உனக்குப் பிடிச்ச மாதிரிதானே வெச்சுட்டுப் போனேன்?"

"காலையில மறுபடி உங்க கை பிரிண்ட்டுல போய் விழுமே அக்கா."

"அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"ஆமா. கூடாதுதான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அதோடு சரி. டீ குடிக்கவில்லை.

ஜூன் 19, புதன்

இன்று அவளே போய் டீ வாங்கி வந்தாள். ஒரு டீ, இரண்டு கப்.

ஜூலை 1, திங்கள்

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடுத்த தெருவுக்கு அல்ல; எங்கள் கடைக்கே, பழையதற்குப் பக்கத்தில். தனியாகப் போகமாட்டேன் என்றுவிட்டாளாம். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

புதிது அவளுக்குத்தானே என்று பழையதில் உட்காரப் போனேன்.

"அங்க இல்லக்கா, இங்க உக்காருங்க. பழசுலதான் எனக்குக் கை பழகியிருக்கு."

புதியதில் டூல்பாரை ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறாள். நான் சரிபார்க்கவில்லை. ஒரு கடிதம் அடித்தேன். அவள் மாமியார் கதை ஒன்றை ஆரம்பித்தாள். அவள் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, பார்க்காமல் பட்டனை அமுக்கினேன்.

பிரிண்டர் சும்மா இருந்தது.