கண்ணாடி உடையவில்லை

மார்ச் 4, புதன்

இன்று எங்கள் வீட்டிலும் கண்ணாடி ஒட்டிவிட்டுப் போனார்கள். தெருவுக்கு அடியில் ரயிலுக்காகச் சுரங்கம் குடைகிறார்கள் அல்லவா, அதனால் சுவரில் விரிசல் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரு பொறியாளர் வருகிறார். விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து, இரு முனையிலும் பிளாஸ்டர் அப்பி, மேலே தேதி எழுதுகிறார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேலை முடியும்வரை வேறெங்கோ தங்க வைப்பார்களாம்.

எங்கள் விரிசல் பின்னறையில், அப்பா கட்டிலுக்கு மேலே. பொறியாளர் பற்பசை பிதுக்குவது போல அப்புவதைப் பார்த்து அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாற்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். ஆள் போன பிறகு, “கரண்டி புடிக்கத் தெரியல, இஞ்சினியராம்” என்றார். பொறியாளர் இனி புதன்தோறும் வந்து கண்ணாடியைப் பார்ப்பாராம். அம்மா அவருக்குக் கண்ணாடி சார் என்று பெயர் வைத்துவிட்டாள். “வாராவாரம் வந்து உபசாரம் வாங்கிட்டுப் போக மாப்பிள்ளையா அவரு?”

மார்ச் 7, சனி

குடையும் இயந்திரத்தின் சத்தம் காதுக்கு வருவதில்லை. உள்ளங்காலுக்கு வருகிறது. தரைத்தளம் என்பதால் எங்களுக்குத்தான் அதிகம். குளியலறை வாளியில் தண்ணீர் யாரும் தொடாமல் வட்டம் வட்டமாக அசைகிறது. பதினொரு மணிக்குக் கதவு தானாகத் திறந்தது. சாத்தினேன். திரும்பவும், மெதுவாக, யாரோ எட்டிப் பார்ப்பது போல.

மார்ச் 11, புதன்

மேல்மாடி அக்கா வீட்டுக் கண்ணாடி உடைந்துவிட்டது. சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எங்களுடையது முழுசாக இருக்கிறது. கண்ணாடி சார் படம் எடுத்துக்கொண்டு, “உங்களுது நல்ல சுவர்” என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. பென்சிலால் விரிசலுக்கு இருபுறமும் புள்ளி வைத்து அளவுகோலால் அளந்தேன். விரிசலின் அகலம் இரண்டு மில்லிமீட்டர்.

மார்ச் 13, வெள்ளி

மூன்று மில்லிமீட்டர். கண்ணாடி அப்படியே.

மார்ச் 16, திங்கள்

ஐந்து.

இது எப்படி? கண்ணாடி என்ன ரப்பரா இழுபடுவதற்கு? கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. தேதி சரியாக இருக்கிறது. இந்த முறை பிளாஸ்டர் ஓரமெல்லாம் வழித்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது — முதலில் அப்படி இருந்ததாக நினைவில்லை. பாடநூல்களில் பிழை பார்ப்பதுதான் எனக்கு வேலை. ஒரே பக்கத்தை நூறு முறை படித்தால் இல்லாத பிழையும் தெரியும், இருக்கும் பிழையும் மறையும். இதுவும் அப்படித்தானா? அம்மாவிடம் சொன்னால், எதையாவது குடைந்துகொண்டே இரு, ஏற்கெனவே கீழே ஒருத்தன் குடைகிறான் என்கிறாள்.

ஆனால் மத்தியானம் இயந்திரம் நின்றபோது இன்னொன்று கேட்டது. பின்னறையில், தரைக்கு அடியில் மணல் சரிகிற சத்தம். யாரோ மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போல, நிதானமாக. அப்பா அந்தத் தரைக்கு மேலேதான் தூங்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 18, புதன்

கண்ணாடி சார் அவசரத்தில் இருந்தார். படம் எடுத்தார், ‘மாற்றமில்லை’ என்று எழுதினார். ஐந்து என்ற எண் என் தொண்டை வரை வந்தது. “சார், அந்த விரிசல்...” என்றேன். “அது பழசு சார்” என்றார் அப்பா. அவ்வளவுதான், வாயடைத்துப் போனேன். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் தெரிந்த பதிலைக்கூட விழுங்கியவள்தானே நான்.

இன்னும் மூன்று வீடுகள் காலி. மாடிப்படி நெடுக மூடிய கதவுகள். எங்கள் வாசலில் மட்டும் செருப்புகள்.

மார்ச் 21, சனி

கூடத்தில் என் பட்டமளிப்புப் படம் ஏதோ மாதிரி இருந்தது. காலையில் ஜன்னல் வெளிச்சம் பட்டு எப்போதும் முகம் தெரியாமல் பளபளக்கும். இன்று முகம் தெளிவாகத் தெரிந்தது. நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது பயமாக இருந்தது. தொட்டேன். விரல் காகிதத்தில் பட்டது.

சட்டத்தில் கண்ணாடி இல்லை.

அப்பா கட்டிலுக்கு அடியில் தேடினேன். செய்தித்தாளில் சுற்றி, ஒரே அளவில் வெட்டிய துண்டுகள், கொஞ்சம் பிளாஸ்டர் மாவு, என் மார்க்கர் பேனா. அப்பா கதவருகில் நின்றிருந்தார். எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று கேட்டேன். நாலு என்றார். நாலு தடவை உடைந்திருக்கிறது. நாலு தடவை உடைஞ்ச சுவருக்குக் கீழ தலைய வெச்சுத் தூங்கியிருக்காரு இந்த மனுஷன்!

கத்த வேண்டும் போலிருந்தது. அவர் முந்திக்கொண்டார். “பதினேழு கட்டடம் பாப்பா. ஒவ்வொண்ணுலயும் கொட்டாய் போட்டு இருந்தோம். பூச்சு முடிஞ்ச அன்னிக்கே காலி பண்ணுன்னுடுவான். இங்கேர்ந்து என்னை ஒருத்தனும் கெளப்ப முடியாதுன்னு நெனச்சேன். இது எம்பொண்ணு வாங்கின வீடு.” மிஷின் இன்னும் ஒரு மாதத்தில் தாண்டிப் போய்விடும், அதுவரை சொல்லாதே என்றார். அப்பா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கூடத்தில் படுக்கச் சொன்னேன். கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

எட்டு. இப்போது இயந்திரம் ஓடும்போதும் மணல் கேட்கிறது.

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

கண்ணாடி சார் ‘மாற்றமில்லை’ என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். “சார், இது நீங்க ஒட்டினது இல்ல” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. யார் மாற்றியது என்று கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைக் கண்ணாடி சார் முன்னால் தலைகுனிய விட எனக்கு மனசு வரல. “நான்தான் சார்.”

அவர் பிளாஸ்டர் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு அப்பா சொன்னார்: “அவளுக்குப் பூசத் தெரியாது சார். அது என் கை.”

கண்ணாடி சார் குனிந்து தரையில் காதை வைத்தார். எழுந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. காலி செய்ய இரண்டு மணி நேரம் தந்தார்கள். அப்பா என்னைப் பார்க்காமலே மூட்டை கட்டினார். எத்தனை வேகம். எல்லாம் பழக்கம்.

மார்ச் 28, சனி

நேற்றுப் பகல் பதினொன்றே முக்காலுக்குப் பின்னறைத் தரை உள்ளே போய்விட்டது. மேல்மாடி அக்கா விசாரித்துச் சொன்னார். கட்டில் கண்ணுக்குத் தெரியவில்லையாம், அவ்வளவு ஆழம். அம்மா அழுதாள். அப்பா கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். என்னிடம் பேசி மூன்று நாள் ஆகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

ரயில்காரர்கள் தங்க வைத்த இந்த விடுதி அறைக்கு வந்ததிலிருந்து அப்பா தன் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. அதன் மேலேயே உட்கார்ந்திருப்பார், யாராவது கிளம்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போக வசதியாக. இன்று காலை எழுந்து நான்கு சுவரையும் விரல் மடக்கித் தட்டித் தட்டிக் கேட்டார். தரையில் காது வைத்தார். கதவில் ‘சுவரில் ஆணி அடிக்கக் கூடாது’ என்று ஒட்டியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு வெளியே போனார்.

நான் வேலை முடித்துத் திரும்பியபோது அவர் சட்டை சுவரில் ஒரு புது ஆணியில் தொங்கியது. பக்கத்தில் இன்னொரு ஆணி, காலியாக.

“உன் பைய மாட்டு பாப்பா” என்றார்.

மாட்டினேன்.