ஹாலுக்குக் கீழே ஒரு தலைநகரம்

பிப்ரவரி 2, திங்கள்

பத்தாம் வகுப்பில் இன்று தலைநகரப் பாடம் தொடங்கினேன். ஏழு வாசல், மூன்று சுற்று மதில், அயல்நாட்டுத் தூதர்கள் வாயைப் பிளந்து நின்ற கடைவீதி என்று வருஷா வருஷம் ஒப்பிக்கும் அதே பாட்டு. இந்தப் பள்ளிக்கூடமே அந்த நகரத்தின் மேல்தான் நிற்கிறது என்றதும் முன்வரிசை வழக்கம்போல் குனிந்து தரையைப் பார்த்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கினாள். "டீச்சர், லட்சம் பேர் இருந்தாங்கன்னு சொல்றீங்க. அவ்ளோ பேரும் பாத்ரூமுக்கு எங்க போனாங்க?" வகுப்பே சிரித்தது. "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன்.

பாத்ரூம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எரிச்சல் வருகிறது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரும் அதைத்தான் பேசினார். கால் போய் மூன்று வாரமாகிறது. சர்க்கரைப் புண், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மனுஷன் அழவில்லை. பஸ் ஓட்டின காலாச்சே என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஆனால் இதில் மட்டும் இறங்கி வரமாட்டேன் என்கிறார்: "கீழ ஒரு பாத்ரூம் இல்லாம நான் வீட்டுக்கு வரமாட்டேன். நான் போனத நீ கையில எடுத்துட்டுப் போறத என்னால பாத்துட்டிருக்க முடியாது."

"இப்படி ஒத்தைக் கால்ல நின்னா எப்படிங்க" என்று வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

பிப்ரவரி 4, புதன்

வீட்டைப் பற்றி எழுதினாலாவது வழி தெரிகிறதா பார்க்கலாம். படுக்கையறை, குளியலறை இரண்டும் மாடியில். கீழே ஹால், சமையலறை, கொழுந்தனுடைய அறை. ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, ஹால் தாழ்ந்துவிட்டது. கீழே கழிவறை வைத்தால் தண்ணீர் தெருச் சாக்கடைக்கு ஏறாது. குழி வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் இந்தத் தெருவில் யாரும் மண்ணைத் தொடக்கூடாது. மனு கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்க்கும் வேகம் ஊருக்கே தெரியும்.

கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணி, இந்தத் தெருவுல யாரு கேட்டுத் தோண்டினாங்க? கெடச்சா ஒடைக்கிறது, ஊத்தி மூடுறது. எதிர்வீட்டுல துணி தொவைக்கிறாங்களே, அது ஏதோ மண்டபத்துத் தூணாம்."

உண்மைதான். பழைய தலைநகரத்தில் பாதி எங்கள் தெருவின் சிமெண்ட் கலவைக்குள்தான் இருக்கிறது. யாருக்கும் பேராசை இல்லை. ஒரு கல் கிடைத்தது என்று சொன்னால் வீட்டு வேலை நின்றுபோகும், அந்தப் பயம்.

சரி என்று சொல்லிவிட்டேன். சரித்திர டீச்சர் நான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேஸ்திரி வந்தார். ஹாலின் பின்பக்க மூலையில் தரையைப் பெயர்த்தார்கள். ஒவ்வொரு கடப்பாரைக் குத்துக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். தெய்வமே, வெறும் மண்ணாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டே அடுப்படியில் நின்றேன். இத்தனை வருஷம் பிள்ளைகளிடம் சரித்திரம் நம் காலடியில் இருக்கிறது என்று சொன்ன வாய்.

பிப்ரவரி 9, திங்கள்

கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் குழியைச் சுற்றி மேஸ்திரியும் கொழுந்தனும் மட்டும் நிற்கிறார்கள். கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே ஒரு கருங்கல் பலகை. நடுவில் நீள ஓட்டை. இரண்டு பக்கமும் பாதம் வைக்கக் கொஞ்சம் எழுப்பின மேடு. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கொழுந்தன் முந்திக்கொண்டான். "அண்ணி, நாம கட்டறதுக்கு முன்னாடியே கட்டி வெச்சிருக்காங்க." சிரித்துச் சிரித்து மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. "டீச்சரம்மா, சம்மட்டியால நாலு போடு. ஜல்லியாயிடும். வேலையப் பாத்துட்டுப் போயிட்டே இருக்கலாம்."

குழியில் இறங்கினேன். பாத மேட்டில், குதிகால் படும் இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அரண்மனையில் இப்படி ஒன்று கிடைத்த படத்தைப் பார்த்திருக்கிறேன். இங்கே அரண்மனை கிடையாது. யாரோ ஒரு குடும்பம். மாமியார், மாமனார், பிள்ளைகுட்டிகள். அந்த வீட்டுக்காரிக்குக் கீழேயே பாத்ரூம் இருந்திருக்கிறது. நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

கடைசி பெஞ்சுக்காரி கேட்டாளே, அதற்குப் பதில் இது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பதில் என் ஹாலில் கிடக்கிறது.

"இன்னிக்குப் போதும் மேஸ்திரி" என்றேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

உடைக்கமாட்டேன். பாத்ரூமையும் விடமாட்டேன். ரெண்டும் வேணும் எனக்கு. எப்படி? — தெரியலை.

பிப்ரவரி 11, புதன்

லீவு போட்டுவிட்டுத் தொல்லியல் துறைக்கு நானே போன் செய்தேன். பக்கத்தில் நின்ற கொழுந்தன் முகம் சிவந்துவிட்டது. "அண்ணனவிட ராஜா முக்கியமாப் போயிட்டாரா உங்களுக்கு?"

மத்தியானமே அதிகாரி வந்துவிட்டார். என்னைவிடச் சின்னப் பெண். பையைக் கீழே போட்டுவிட்டுக் குழிக்குள் குதித்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "சாதாரண வீட்டுல ஒண்ணாவது கெடைக்காதான்னு எத்தன வருஷமாத் தேடுறோம் தெரியுமா மேடம்" என்றார், கல்லில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே. எனக்கும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் இருந்தது. அடுத்த வார்த்தையில் அது போய்விட்டது. வேலையை நிறுத்தவேண்டுமாம். குறைந்தது ஆறு மாதம்.

கொழுந்தன் அவன் அறைக் கதவைச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

பிப்ரவரி 14, சனி

அவரிடம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒடச்சிருக்கலாம். ஊரே ஒடைக்குது. ஒனக்கு மட்டும் அந்தக் கல்லு பெருசாப் போச்சு."

இல்லைங்க. பெருசுதான், ஆனா உங்களவிட இல்ல — சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. ஏன் சொல்லலை? பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர். டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போய்விட்டார்.

மார்ச் நடுவில் கட்டிலைக் காலி செய்யச் சொல்கிறார்கள். எங்கே போவார்? அவருடைய அக்கா வீட்டுக்காம். அங்கே கீழேயே எல்லாம் இருக்கிறதாம். எல்லாம் இருக்கும், நான் இருக்கமாட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

தினமும் பள்ளி விட்டதும் அந்த அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். காவலாளி என்னைப் பார்த்தாலே நாற்காலியை இழுத்துப் போடுகிறார். இன்று அதிகாரி படம் வரைந்துகொள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். குழியின் பக்கவாட்டைச் சுரண்டிக் காட்டினார். ஒரு தரை, மேலே மண், அதற்கு மேல் இன்னொரு தரை. இப்படி நாலைந்து.

"இடிஞ்சாலும் சரி, வெள்ளம் வந்தாலும் சரி, பழசத் தோண்டி எடுக்கமாட்டாங்க மேடம். அது மேலயே மண்ணக் கொட்டி ஒசத்திக் கட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க. பேரரசு போன பிறகும் அப்படித்தான். அதனாலதான் தலைநகரம் இவ்ளோ ஆழத்துல இருக்கு."

பெரிய பெரிய படையெல்லாம் வந்து அழித்த கதையைத்தான் நான் நடத்துகிறேன். இது அதைவிடப் புத்திசாலித்தனமான கதையாகப் பட்டது.

"தோண்டத்தான தடை? ஒசத்தினா?"

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "ஒசத்தறதுக்குத் தடை இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்கறேன்."

பிப்ரவரி 19, வியாழன்

ஹால் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். பின்மூலையில் ஒன்றரை அடி மேடு, அதில் கழிவறை. மேடு இருந்தால் குழாய் சுவரோரமாகவே சாய்ந்து தெருச் சாக்கடைக்குப் போய்விடும். மேட்டுக்குப் போகப் படி கூடாது, சரிவு வேண்டும். நான் வரைந்த சரிவு சறுக்குமரம் மாதிரி இருந்தது.

ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத கொழுந்தன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பம்பு ரிப்பேர் செய்கிறவன், தண்ணீர் ஓட்டம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சாக்பீஸை என் கையிலிருந்து பிடுங்கி, சரிவை வாசல்வரை இழுத்து நீட்டினான். ஹாலுக்குள் அவன் பைக் நிற்கும் இடத்தின் மேலேயே கோடு போனது.

"பைக்?" என்றேன்.

"வெயில்ல காயட்டும் அண்ணி."

மார்ச் 1, ஞாயிறு

எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். கல்லை எடுக்கவேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு என்றார் அதிகாரி. துணி விரித்து, சலித்த மணலை நிரப்பினோம். கடைசியாகப் பாத மேடுகள் மட்டும் தெரிந்துகொண்டிருந்தன. மேஸ்திரி ஒரு கூடை மணலை மெதுவாகச் சாய்த்தார்.

மார்ச் 8, ஞாயிறு

கைப்பிடிக் கம்பி கோணல். பெயர்த்து மறுபடி வைக்கச் சொன்னேன். மேஸ்திரி என்னவோ முணுமுணுத்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கடைசி பெஞ்சுக்காரியை எழுப்பி நிற்கவைத்தேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து முகம் வாடிவிட்டது. "அன்னிக்கு ஒண்ணு கேட்டியே, அது பரீட்சைக்கு வராது. ஆனா சொல்றேன்" என்று அதிகாரி வரைந்த படத்தைப் பலகையில் ஒட்டினேன். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 14, சனி

வந்துவிட்டார். வாசலில் நின்று ஹாலைப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயே மேம்பாலம் கட்டியிருக்க." அவ்வளவுதான் பாராட்டு. ஊன்றுகோல்களை ஊன்றிச் சரிவில் ஏறினார். கொழுந்தன் பின்னாலேயே போனான். பிடிக்கவில்லை, கையை மட்டும் நீட்டி வைத்திருந்தான். மேட்டில் நின்று, "இதுக்குக் கீழதான் அந்தக் கல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல வேளை ஒடைக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். நான் கதவருகிலேயே நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "நீ போய் ஒன் வேலயப் பாரு."

மார்ச் 15, ஞாயிறு

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். விடிந்திருந்தது. ஹாலில் எனக்குப் பக்கத்தில் போட்டிருந்த அவர் கட்டில் காலி, ஊன்றுகோல்களையும் காணோம். என்னை எழுப்பவே இல்லை. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி படுத்தேன்.