நீ கடித்த ரொட்டி

அன்புத் தங்கைக்கு,

நேற்று எனக்கு ஒரு நாள் திரும்பக் கிடைத்தது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் இப்போது விடுதியில் இல்லை. தாஷ்கண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. டாக்டர் திலோராம் தினமும், "சாப்பாட்டோட ஞாபகம் வர்ற ஒரு நாளைச் சொல்லும்மா" என்பார். "சாப்பிடச் சொல்லி அம்மாவோட எப்பவும் சண்டைதான்" என்பேன். "எப்பவும்கறது ஒரு நாள் இல்லையே!" என்பார். எரிச்சலாக வரும். ஆனால் யோசித்தால் ஒரு நாள்கூட நினைவுக்கு வராது.

நேற்று பக்கத்துக் கட்டில் ஜுல்பியாவின் அண்ணன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். அவளும் பார்க்கட்டும் என்று அவர்கள் அம்மா, ஊரைவிட்டுக் கிளம்புகிறவர் கடிக்கும் ரொட்டியை வார்டுக்கே கொண்டுவந்து அவனைக் கடிக்க வைத்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஒரு நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

நான் காலேஜுக்குக் கிளம்பிய செவ்வாய்க்கிழமை. "ஒரு கடி கடிச்சுட்டுப் போடி, மிச்சத்தைத் திரும்பி வந்து தின்னணும்" என்று அம்மா ரொட்டியை நீட்டினாள். அவள் திரும்பியதும் உன் வாயில் திணித்தேன். "அக்கா கடிச்சுட்டாம்மா!" என்று கத்தினாய். உன் உதடெல்லாம் எள்.

உனக்கு அப்போது ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை. கடித்த இடத்தின் நடுவில் ஒரு துண்டு அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணியில் சுற்றி ஆணியில் மாட்டினாள்.

நான் சாப்பிடுவதில்லை என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது! அவளிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் பயந்தேனே. அப்பாடா என்றிருக்கிறது.

இந்தக் கடிதத்தை அம்மாவிடமே கொடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நீ விட்டுவைத்த அந்த நடுத்துண்டு என்னுடையது.

உன் அக்கா