பாதி ஆத்துத் தண்ணி

கொச்கோர், ஜூன் 14

டேய் மெய்மான்பாய்,

நீயும் உன் குதிரைங்களும் சுகமா? குதிரைங்க சுகம்னா போதும், உன்னை யாரு கேட்டா.

பதினோரு தடவ போன் அடிச்சிட்டேன், நீ எடுக்கல. அதான் மினிபஸ் ஓட்டுற ரைம் கிட்ட இந்தக் கடுதாசி. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

என் எழுபதாவது வயசு விருந்துல நான் பேசினத யாரோ போன்ல புடிச்சு ஒரு செய்திப் பக்கத்துல போட்டுட்டாங்களாம். நான் என்ன சொன்னேன்? "நாப்பது வருஷமா இவன் ரோட்டோரம் விக்கிற புளிச்ச குதிரைப்பால் குமிஸ் குடிக்கிறேன். பாதி ஆத்துத் தண்ணி. கூடக் குடிச்ச எங்க செட்டுல மூணு பேரு போயாச்சு, நான்தான் பாக்கி. ஆனாலும் வருஷா வருஷம் மொதக் கிண்ணத்துக்கு இவன் கூடாரத்து வாசல்ல நிக்கிற நாய் நான்தான்." நீயே பல்லு தெரிய சிரிச்ச. கடைசி வரிய வெட்டிட்டு, மேல தலைப்பு வச்சிருக்கான்: "குமிஸில் ஆற்று நீர், மூவர் பலி: நண்பரே அம்பலப்படுத்தினார்."

ஒரே வருஷத்துல பொறந்தவன் ஒருத்தன ஒருத்தன் திட்டலாம், கோவிக்கக் கூடாது. புகழணும்னா பொணத்துக்கு முன்னாடிதான் புகழணும். நம்ம பள்ளத்தாக்குல ஆட்டுக்குட்டிக்குக் கூட இது தெரியும். போனுக்குத் தெரியல. அவ்வளவுதான். நாலு நாள்ல மறந்துடுவாங்க.

உன் எசென்கான்


கணவாய் ரோடு, ஜூன் 19

மதிப்புக்குரிய எசென்கான் அவர்களுக்கு,

உங்க கடுதாசி கிடைச்சது. நாங்க சுகம்.

சுகாதார ஆபீசுக்காரங்க வந்து ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணும் இல்லைன்னு பேப்பர் குடுத்தாங்க. அத எவனும் செய்தியாப் போடல. முன்னெல்லாம் ஒரு நாளைக்கு இருபது வண்டி நிக்கும். இப்ப வேகத்தைக் குறைச்சு, என்னைப் படம் புடிச்சிட்டுப் போறாங்க.

நம்ம செட்டுல செத்துப்போன ஷெய்ஷெனோட சம்சாரம் போன் பண்ணினாங்க. "அவரு நெஞ்சுவலியிலதான போனாரு? உங்க குமிஸால இல்லையே?"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் போனை எடுக்கறதில்ல.

நீங்க விளையாட்டுக்குத்தான் சொன்னீங்க, தெரியும். எனக்கு அலுப்பா இருக்கு. உங்க உடம்பப் பாத்துக்குங்க.

மெய்மான்பாய்


கொச்கோர், ஜூன் 30

மெய்மான்பாய்,

'நீங்க'ன்னு எழுதாதடா. நான் என்ன உன் மாமனாரா? என் பொண்டாட்டி படிச்சிட்டு, "இதுக்கு அவரு உங்களச் சாட்டையால அடிச்சிருக்கலாம்"னா.

அந்தச் செய்திப் பக்கத்து ஆபீசுக்கே போயிட்டேன். காதுல வளையம் போட்ட ஒருத்தன், "தாத்தா, மறுப்பு சொல்லுங்க, போடறோம்"னான். எழுபது வருஷத்துல மொத தடவையா கிண்டல் இல்லாமப் பேசினேன். மெய்மான்பாய் ஒரு சொட்டுத் தண்ணி கலந்ததில்ல, அவன மாதிரி நேர்மையான ஆள நான் பாத்ததில்ல, நான் சொன்னது வெறும் கேலின்னேன். பேசறப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெயிலு.

வெள்ளிக்கிழமை போடுவான். எல்லாம் சரியாயிடும். ஒரு வரி திட்டி எழுது, நான் நிம்மதியாத் தூங்கணும்.

எசென்கான்


கணவாய் ரோடு, ஜூலை 9

டேய் எசென்கான், பல்லு போன கிழட்டு ஓநாயே,

நீ வாயத் தொறந்தாலே எனக்குக் கேடுதானா?

நீ சொன்ன 'கேலி' எங்கயோ போச்சு. போட்டது நீ அழறது மட்டும்தான். தலைப்பு: "அவன மாதிரி ஆள நான் பாத்ததில்ல: குமிஸ் வியாபாரியின் நண்பர் கண்ணீர்." எசென்கான் மெய்மான்பாயப் புகழறான்னா ஊரு என்ன நினைக்கும்? நான் செத்துட்டேன்னுதான நினைக்கும்.

சனிக்கிழமை காலையில பால் கறந்துக்கிட்டு இருக்கேன். என் மச்சான் ஒரு ஆட்ட இழுத்துக்கிட்டு, சாவு வீட்டு வழக்கப்படி தூரத்துலேர்ந்தே ஓலமிட்டுக்கிட்டே வர்றான். வாளியோட நின்ன என்னைப் பாத்து, "யாரு போனது?"ங்கறான். "நான்தானாம்"னேன். அவன் பின்னாடி நாலு வண்டி. என் பொண்டாட்டிக்கு டீ ஊத்தி ஊத்தி மணிக்கட்டு வீங்கிடுச்சு. உயிரோட இருக்கறதுக்கு மூணு நாளா மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கேன். துக்கத்துக்குக் கொண்டாந்த ஆட்டத் திருப்பி ஓட்டிட்டுப் போகக் கூடாதுன்னுட்டாங்க. நானே என் கருமாதிக் கறியத் தின்னேன். உப்புக் கம்மி.

ஷெய்ஷென் சம்சாரமும் வந்தாங்க. ஒரு கிண்ணம் குமிஸ் குடிச்சாங்க. அப்புறம், "அவருக்கு இந்தப் புளிப்புதான் பிடிக்கும்"னு இன்னொரு கிண்ணம் கேட்டாங்க.

வண்டிங்க இன்னும் நிக்கறதில்ல. கடை போர்டக் கழட்டிட்டேன். குதிரைங்கள மச்சான் மலை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போயிட்டான். மறுப்பு, மறுப்புக்கு மறுப்புன்னு அலைய எனக்குத் தெம்பு இல்லடா. உன்னையும் அலைய விடமாட்டேன்.

ஒரு பால் குதிரைய மட்டும் வச்சிருக்கேன். வீட்டுக்கு. ரைம் வண்டியில ஏறி வா. உனக்குன்னு பாதி ஆத்துத் தண்ணி கலந்து வைக்கிறேன். போனை வீட்டுலயே வச்சிட்டு வா.

இனிமே என்னைப் பத்தி நல்லதோ கெட்டதோ யார்கிட்டயும் சொல்லாத. எங்கிட்டயே சொல்லு. எனக்குக் காது இன்னும் கேக்குது.

இன்னும் சாகாத
மெய்மான்பாய்