வெட்டிய பதினோரு வரிகள்

என் அன்புச் சில்வண்டுக்கு,

அப்பா எழுதிக்கொள்கிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாகவே இருக்கிறோம், நீ மனசளவிலும் நன்றாக இருக்கிறாயா என்பதுதான் என் கேள்வி. வாராவாரம் ஃபோனில் பேசுகிற மனுஷன் இப்போது எதற்குக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்தான் என்று நினைப்பாய். ஃபோனில் சொல்லத்தான் பார்த்தேன், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அங்கே குளிரா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், நடுவில் கோபம் வந்தால் இதைக் கசக்கிப் போட்டுவிடாதே. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் கசக்கு.

அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் படி ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார், வெளியே வந்ததும் அவள் என்னிடம் எகிறினாள், மூணாவது மாடிக்கு அவரே வந்து தூக்கிட்டுப் போவாராமா என்று. லிஃப்ட் இருக்கிறதே என்றேன். அது பாதியில நின்னுடும், உங்களோட அதுக்குள்ள மாட்டிக்க நான் தயாரா இல்ல என்கிறாள். வாஷிங் மெஷின் சுற்றச் சுற்ற சமையலறை வரை நடந்து வந்துவிடுகிறது, அதன் காலுக்கு உன் பழைய பாடப்புத்தகம் ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறேன், அட்டை கிழிந்ததைத்தான் எடுத்தேன், சண்டைக்கு வராதே. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பில் நான்கு பிழை இருந்தது, பேனாவை எடுத்துத் திருத்திவிட்டேன், குடியிருப்புச் செயலாளருக்கு மூக்குக்கு மேல் கோபம். ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம் ஆச்சு, ஆபீஸ் வேலைய ஆபீஸோட விட்டுட்டு வரக்கூடாதா சார் என்றார். பத்திரிகையில் முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர்கள் எழுதியதைத் திருத்தியும் வெட்டியும் பிழைத்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான், ஆபீஸ் வேலை ஒன்று என்னோடு வீட்டுக்கு வந்து இன்னும் முடியாமல் கிடக்கிறது.

போன மாதம் நீ அம்மாவோடு பேசியபோது அவள் ஃபோனைச் சத்தமாக வைத்திருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வானொலியில் குடிதண்ணீரைப் பற்றிப் பத்து நிமிஷம் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி பேசச் சொல்லி உன் பல்கலைக்கழகத்திலேயே கேட்டார்கள், நான் முடியாது என்று சொல்லிவிட்டேன் என்றாய். ஏண்டி, நல்ல விஷயம்தானே என்று அம்மா கேட்டாள். அதற்கு நீ, எது முக்கியம், எத முதல்ல சொல்லணும்னு எனக்குத் தெரியாதும்மா, நான் வாயத் தொறக்காம இருக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது என்றாய். தூங்கும்வரை ஓயாமல் பேசுகிறாளே என்றுதான் உனக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தேன். அந்த வாயிலிருந்து இந்தப் பேச்சு. கையில் இருந்த சட்டையை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் அது உன் வார்த்தை இல்லை கண்ணு, நான் உனக்குக் கொடுத்த வார்த்தை. முக்கியமானத யாராவது கடைசியில போடுவாங்களா, மேல போட்டிருக்கணும், நீ போடல என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கூடத்தில் உன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான்தான். முக்கியமானதை முதல் வரியில் சொல் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய நான், என் விஷயத்தை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் பார்.

அந்தக் கட்டுரையை வெட்டியது நான். அன்று எனக்கு லீவு, வேறு யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னது பொய். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களின் கிணறுகளில் நீ ஒரு வருஷம் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தாய். ஆராய்ச்சிய எல்லாம் ஆராய்ச்சிக்காரங்களே படிச்சுக்கிட்டா அந்தத் தெருக்காரனுக்கு என்ன லாபம், எங்க ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழுக்கு எழுது என்று உன்னை நச்சரித்ததும் நான்தான். நீ பயந்து பயந்து எழுதினாய், ஒரு வாக்கியத்துக்கு நான்கு தடவை உன் பேராசிரியரைக் கேட்டாய். கட்டுரை வந்தது, பக்கம் தயாரானது. வியாழக்கிழமை மத்தியானம் பக்கத்தை முடிக்கிற நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து உட்கார்ந்தது, பதினோரு வரி போயாக வேண்டும் என்று பக்கம் அமைக்கிற லே-அவுட் பெண் சொன்னாள். அதே பக்கத்தில் படுக்கை விரிப்பில் கறை போக்குவது எப்படி என்று இன்னொரு கட்டுரை இருந்தது, அதில் கை வைத்திருக்கலாம். பொண்ணு கட்டுரைன்னு இடம் ஒதுக்கிட்டார் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக்கூடாதே என்ற வீறாப்பு எனக்கு. உன்னுடையதில் கை வைத்தேன். எங்கள் தொழிலில் வெட்டினால் வாலிலிருந்துதான் வெட்டுவோம், முக்கியம் இல்லாததுதான் கீழே இருக்கும் என்பது எங்கள் கணக்கு. உங்கள் தொழிலில் கண்டுபிடித்ததை எல்லாம் சொல்லிவிட்டு, ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதைக் கடைசியில் வைப்பீர்கள். அந்தக் கடைசிப் பத்தி, எனினும் இந்த ஆய்வுக்குச் சில எல்லைகள் உண்டு என்று தொடங்கியது. எனினும் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு ஆகாது, படித்தவர்கள் கடைசியில் போடுகிற கும்பிடு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வரியைக்கூடப் படிக்கவில்லை. என் பெண் எழுதியது, அதன் இரண்டாவது வரியைப் படிக்கவில்லை.

தலைப்பும் என்னுடையதுதான். கொதிக்க வைத்தால் கவலை இல்லை. மோனை நன்றாக விழுந்திருக்கிறது என்று லே-அவுட் பெண்ணிடம் பீற்றிக்கொண்டேன். கிருமிக்கு அது சரி. அந்தக் கிணறுகளில் இருந்த நைட்ரேட் உப்பு கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும், ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது என்று நீ எழுதியிருந்தது நான் வெட்டிய அந்தப் பதினோரு வரியில். டிப்போ தெருத் தையல்காரம்மா, அதுவரை நான்கு மாதக் குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கிப் பால் பவுடர் கலக்கிக்கொண்டிருந்தவர், நம் கட்டுரையைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு மாறினார். மூன்று வாரத்தில் குழந்தைக்கு உதடு நீலமானது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், திரும்பி வரும்போது குழந்தை இல்லை. அந்தக் காகிதத்தோடு அவர் உன் துறைக்கே வந்து இதை எழுதினது நீதானே என்று கத்தியதும், நீ ஆமாம் என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசாமல் நின்றதும் உங்கள் அட்டெண்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் பேசவில்லை நீ? நான் எழுதினேன், அவர்கள் வெட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாமே. பத்திரிகை ஒரு விளக்கம் போட்டது, பன்னிரண்டாம் பக்கத்தில் மூன்று வரி, இடமின்மையால் சில பகுதிகள் விடுபட்டன என்று. அந்த மூன்று வரியை எழுதியதும் நான்தான், அந்தத் தெருவில் ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. அவர் வந்து கத்திய அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, யாருப்பா வெட்டினது என்று கேட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் லீவு என்றேன். அதோடு விட்டேனா, உன் மேலேயே தப்பைத் திருப்பினேன். நீ, ஆமாம்பா, நான்தான் மேல போட்டிருக்கணும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். எட்டு மாதத்தில் ஊரைவிட்டே போனாய். வேலை கிடைத்துப் போனாள் என்று எல்லாரிடமும் சொன்னோம்.

நீ வானொலிக்கு மறுத்ததைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை, தெரியும் என்றாள். எப்படித் தெரியும் என்றேன். லீவுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு ஆபீஸுக்கு உங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தது யாரு என்றாள். மூன்று வருஷம், கண்ணு. இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு பார்த்தேன், பொண்ணு போனதுதான் மிச்சம் என்று சொல்லிவிட்டு அழுதாள். நாங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து போடாத சண்டை இல்லை, ஆனால் அவள் என்னைத் திட்டாமல் அழுதது அன்றுதான்.

மறுநாள் தையல்காரம்மாவைத் தேடிப் போனேன். ஒரு ஆள் திரும்ப இடமில்லாத கடை, வாசலை ஒட்டி மெஷின், கழுத்தில் அளவு நாடா, அயர்ன் பாக்ஸ் சூடேறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஆராய்ச்சி செய்த பெண்ணின் அப்பா என்றேன், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார். அந்தக் கட்டுரையில் என் பெண் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தாள், அதை வெட்டியது நான் என்றேன். மெஷின் நின்றது. அதுல என்ன இருந்துச்சு, படிங்க என்றார். நீ அனுப்பிய மூலப்பிரதியின் நகலைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன், அந்தப் பத்தியை நின்றபடியே படித்தேன். முடித்ததும், இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். அரை நிமிஷம்கூட ஆகலையே என்றார். அப்புறம், நான் ஒரு தடவைக்கு ரெண்டு தடவையாக் கொதிக்க வெச்சேனே, நல்லா இருக்கட்டும்னு ரெண்டு தடவை வெச்சேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.  மன்னிச்சிடுங்கம்மா என்றேன். அதெல்லாம் என்கிட்ட இல்லைங்க என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் இல்லாத நூலைக் கேட்டால் சொல்வாரே, அப்படிச் சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து பழைய காகிதத்தை எடுத்தார், மஞ்சளாகிவிட்டது, நான் வைத்த தலைப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. என் கையிலிருந்த தாளை வாங்கி அதன் அடியில் வைத்துக் குண்டூசி குத்தினார். உங்க பொண்ண நான் என்னென்னவோ பேசிட்டேன், அது ஒரு வார்த்தை திருப்பிப் பேசல, அதுகிட்ட சொல்லிட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மொதல்ல அதப் பண்ணுங்க, இன்னும் எத்தன வீட்ல பச்சப்புள்ள இருக்கு, அது பேசாம இருந்தா வேற யாரு சொல்லுவா என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை எடுத்தேன். இது நான்காவது பிரதி. முந்தைய மூன்றிலும் எனக்குச் சாதகமாக ஏதாவது ஒரு வரி நுழைந்துவிட்டது.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. நீ கோபப்படு. இனி ஞாயிற்றுக்கிழமை என் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் அம்மாவோடு மட்டும் பேசு, நான் அந்த நேரத்துக்கு எங்காவது நடந்துவிட்டு வருகிறேன். ஆனால் அந்த வானொலிக்காரர்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிடு. உனக்கு எது முக்கியம் என்று தெரியும், அன்றைக்கும் தெரிந்திருந்தது, எழுதியும் வைத்திருந்தாய், தெரியாதவன் நான். ஒன்று மட்டும் தொழில்காரனாகச் சொல்கிறேன், கேட்டால் கேள். எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல், பேட்டி எடுப்பவர் வெட்டினாலும் விழாத இடத்தில் வை. முடித்த பிறகு என்ன ஒலிபரப்பப் போகிறார்கள் என்று போட்டுக் காட்டச் சொல், தயங்காதே, சங்கடப்படுவார்கள், படட்டும். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களோடு பேசு.

காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே. அந்தப் பழைய குளிர்கோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கு. உன் அறை அலமாரியில் நீ பெயர் ஒட்டி வைத்த கிணற்றுத் தண்ணீர் பாட்டில்கள் பன்னிரண்டும் அப்படியே இருக்கின்றன, அம்மா முட்டி வலியோடு நாற்காலி போட்டு ஏறித் தூசி தட்டுகிறாள், கீழே எடுத்து வைக்கிறேன் என்றாலும் விடமாட்டேன் என்கிறாள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் பேச்சு ஓயாமல் இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும், என்னுடையதை ஏற்க மனசிருந்தால். இந்தக் கடிதத்தோடு உன் பதினோரு வரியையும் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை, எனினும் என்ற சொல்லும் அதன் இடத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்த வியாழக்கிழமை வேலைக்குப் போயிருந்த
உன் அப்பா