கைபடாத படப்புத்தகம்

மார்ச் 4

காலையிலிருந்து தூறல். கல்வி அதிகாரியின் கந்தோரில் கூட்டம். மாத்தளைத் தமிழ்ப் பள்ளிகளின் முதலாம் வகுப்புக்குப் படப்புத்தகம் தெரிவு செய்யும் குழு. பத்திரிகைக்காரன் என்று எனக்கும் ஒரு நாற்காலி. தலைவர், ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அதிபர். மற்றவர் இரும்புக்கடை ஹாஜியார்.

மாதிரிகள் இரண்டு. ஒன்று, கயிற்றை அறுத்துக்கொண்டு சந்தைக்குப் போகும் ஆடு. மற்றது, ஓர் அரண்மனைப் பையன்: எழுகிறான், பல் துலக்குகிறான், கும்பிடுகிறான். பளபளப்பான அட்டை. பள்ளிகள் இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நியாயமான ஏற்பாடு என்றுதான் பட்டது.

வாங்க வேண்டியவை: மை, இருமல் மருந்து, சவரக்கத்தி.

மார்ச் 11

வெயில். பலாபத்வலைக்கு அப்பால் ஒரு தோட்டப் பள்ளி. முதலாம் வகுப்புக்கு மேரி டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

தரையில் ஆட்டுப் புத்தகம், சுற்றிலும் தலைகள். ஆட்டின் வாயில் பச்சைக் கறை. ஒருத்தி இலையை வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

"பசிக்குமில்ல டீச்சர்?"

அரண்மனைப் பையனைக் காட்டி, இவன் என்ன செய்கிறான் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் செய்யலிங்க சேர். சும்மா நிக்கிறான்."

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னது: "ஆட்டுப் புத்தகத்த எப்படியாவது எடுத்துக் குடுங்க சேர். வாயே தொறக்காத புள்ளைங்கல்லாம் பேசுதுங்க." பேசிப் பார்ப்பதாகச் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே கொக்கோ வாடை. தலைவலி.

மார்ச் 20

கூட்டம். மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்க மேரி டீச்சரும் வந்திருந்தார்.

மற்றப் பள்ளிகளின் மாதிரிகள் மடிப்புக் கலையாமல் வந்திருந்தன. சிலவற்றில் பாச்சை உருண்டை வாசம். பள்ளிப் பொருள் பழுதானால் அதிபர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஆகவே எல்லோரும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "இரண்டும் நன்று" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் பார்த்தது மேரி டீச்சரின் மாதிரி மட்டும். அவருடைய ஆட்டுப் புத்தகம் அட்டை பிய்ந்து, ரொட்டி எண்ணெய் படிந்து.

தலைவர் அதை இரண்டு விரலால் தூக்கினார்.

"என்ன பிள்ளை இது? புத்தகமோ, ரொட்டி சுத்தின கடதாசியோ?"

"புள்ளைங்க படிச்சதுங்க ஐயா."

"படிச்சதோ, திண்டதோ?"

ஹாஜியார் குலுங்கிச் சிரித்தார். "ஆடு நல்லாத்தான் ஈக்கிது மாஸ்டர். பிரியாணிக்கு ஆகும்."

மற்றப் புத்தகத்தை ஒரு பிள்ளைகூடத் தானாகத் திறக்கவில்லை, அதனால்தான் புதிதாக இருக்கிறது என்றேன்.

"நீர் உம்மட பேப்பருக்கு எழுதும் ஐசே. பள்ளிக்கூட விசயம் எனக்குத் தெரியும்."

இரண்டுக்கு ஒன்று. ஆடு தோற்றது. காரணம்: "சிறுவர் கையில் நிலைக்காது." அரண்மனைப் பையன்: "உறுதியானது."

டீச்சர் விளக்கம் எழுதித் தர வேண்டுமாம். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தக் கிழிஞ்சதையாவது குடுத்துடுங்க ஐயா."

"பழுதான சாமான் எரிக்கோணும். சட்டம்."

பிறகு தேநீர், எண்ணெயில் பொரித்த பற்றிஸ். தலைவர் விரல் எண்ணெயை ஆட்டுப் புத்தகத்தில் துடைத்தார். இரண்டு கையையும். என் பற்றிஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 21

செய்தி எழுதினேன், நடந்தது நடந்தபடி. கொழும்பு அலுவலகத்தில் அதை வெட்டிவிட்டு, "சிறந்த நூல் தெரிவு" என்று நான்கு வரி போட்டார்கள்.

மே 6

நல்ல மழை. தொழிலாளர் லயத்துக் கூரைத் தகரம் பறந்த செய்திக்காக அதே தோட்டம். பள்ளியில் ஒதுங்கினேன். அரண்மனைப் பையன் வந்துவிட்டான், முப்பது பிரதி. கண்ணாடி அலுமாரி, பெரிய பூட்டு, சாவி பெரிய டீச்சரிடம்.

திறப்பதுண்டா என்று மேரி டீச்சரைக் கேட்டேன்.

"இன்ஸ்பெக்டர் வர்றப்ப மட்டும் சேர்." குரல் தாழ்ந்தது. "விளக்கம் எழுதிக் குடுத்ததிலேருந்து நிரந்தரமாக்க என் பேரு மேல போகல. இன்னொண்ணு எழுத என்னால முடியாதுங்க."

ஒரு சிறுவன் அலுமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது.

டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டு ஓடினார். கையில் பிரம்பு.

"தள்ளி நில்லுடா! கண்ணாடி அழுக்காவுதில்ல!"

சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.