அணைத்த கற்பூரம்

அக்கா,

இன்று சாயங்காலம் பூசாரி தட்டை நீட்டியபோது கற்பூர வாசனை முகத்தில் அடித்தது. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. உன் கொழுந்தன் உள்ளங்கையால் அடித்து அணைத்தானே, அந்தக் கற்பூரத்தின் நினைவு.

மச்சான் இறந்து வருஷம் திரும்புவதற்குள், ஆத்தூர்த் தோட்டத்துக் கிணற்றில் உனக்குப் பங்கே இல்லை என்றான் அவன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெட்டிய கிணறு என்று ஊருக்கே தெரியும். ஆனால் பஞ்சாயத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மன் சன்னிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்றார்கள். "கெணறு எனக்கு மட்டுந்தான்" என்று கூசாமல் அணைத்தான்.

ஊர் வழக்கப்படி, சத்தியத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்ப் புழக்கம் கிடையாது. பொய் சொன்னவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? அவன் கிணற்றில் கரண்டு மோட்டார் போட்டான். பூவை நம்பித்தான் உன் வீட்டில் உலை கொதித்தது. உன் மல்லிகைச் செடிகள் காய்ந்தன. கிணற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, குடிக்கிற தண்ணீருக்கு நீ வாய்க்கால் வரை நடந்தாய். அவனோ அதே கோயிலுக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தான். அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள்.

"திண்டுக்கல்லுக்கு வா, வக்கீலப் பாப்போம்" என்று கத்தினேன். நீ வெங்காயம் உரித்தபடியே சொன்னாய்: "ஏலே, அவன் எங்கிட்டயா சத்தியம் பண்ணுனான்? ஆத்தாகிட்டல்ல பண்ணுனான். அவ பாத்துக்கிடுவா. நீ செத்த நேரம் சும்மா இரு."

"எப்பப் பாப்பா? நீ போய்ச் சேந்த பெறகா?"

"அவளுக்கு நம்மள மாதிரி என்ன அவசரம்?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபந்தான்.

நான் சொன்னபடியே நடந்தது. உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்ட, குடத்தோடு வாய்க்காலுக்குக் கிளம்பினோம். வாசலில் அவன் நின்றான், தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் தானே தோளில் சுமந்துகொண்டு. "இத ஊத்துங்கப்பா. இது மதினி தண்ணிதான். அன்னைக்கு நான் பண்ணுனது பொய்ச் சத்தியம்" என்று ஊர் கேட்க அழுதான்.

ஆத்தா கேட்டுவிட்டாள் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஆறவில்லை. உயிரோடு இருந்தவளுக்குத் தராத தண்ணீரைப் பிணத்துக்கு ஊற்றினால் அது நீதியா? அந்தக் குடத்தை எட்டி உதைத்திருப்பேன். ஆனால் அது உன் தண்ணீர். வாங்கி உள்ளே கொடுத்தேன்.

இன்றும் ஆத்தா முன்னால் நின்று அதைத்தான் கேட்டேன்: "எங்கக்கா உசுரோட இருக்கையில ஏன் தாயி கேக்கல?" உன்னைப் போல் சிரித்துக்கொண்டு நம்ப எனக்கு வரவில்லை, அக்கா. ஆனாலும் இந்த வழக்கை வேறு யாரிடமும் கொண்டுபோகத் தோன்றவில்லை. வருகிற வெள்ளிக்கிழமையும் போவேன். அவள் பதில் சொல்லும் வரை விடமாட்டேன்.